கிலோமீட்டர் கணக்கா, மணிக் கணக்கா: வடசென்னையிலிருந்து ஒரு பஸ்–ரயில் செலவுக் கணக்கு

ஒரு பஸ்ஸை ஒரு கிலோமீட்டர் ஓட்ட எவ்வளவு ஆகும் என்று அப்பாவிடம் கேட்டால் ரூபாயில் பதில் வராது. "காலையில எட்டரைக்கா, மத்தியானம் ரெண்டு மணிக்கா?" என்று திருப்பிக் கேட்பார். தண்டையார்பேட்டை டிப்போவில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1994-ல் வடசென்னைக்கென்று டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் தனியாகப் பிரிந்தபோது அதற்குப் போனார். 2001-ல் இரண்டும் மறுபடி சேர்ந்து மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனபோது அதற்கும் வந்தார். கழகத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது, அவருடைய கணக்கு மட்டும் மாறவில்லை. ஒரு ஷிப்டில் எத்தனை சிங்கிள் முடிந்தது என்பதுதான் அது. சிங்கிள் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு நடை. ஆறு சிங்கிள் போக வேண்டிய வண்டி நாலோடு டிப்போவுக்குத் திரும்பினால் அன்றைக்குச் சம்பளம் குறையாது, கலெக்‌ஷன்தான் குறையும்.

நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் காஸ்டிங், அதாவது செலவுக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருளின் அடக்கவிலை எவ்வளவு, அதில் எது அளவோடு ஏறி இறங்கும், எது என்ன ஆனாலும் நிற்காமல் ஓடும் என்று பிரித்துப் பார்ப்பது என் பிழைப்பு. வீடு காலடிப்பேட்டையில். வீட்டுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது, ஆனால் மணலிக்கு அது உதவாது. பஸ் இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோதான். அதனால் 'பஸ் நஷ்டம், மெட்ரோ அதைவிட நஷ்டம், பழையபடி டிராம் மாதிரி லைட் ரயில் விட்டால் செலவு பாதியாகிவிடும்' என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் எனக்குக் காது அங்கே போய்விடும். லைட் ரயில் என்பது சாலை மட்டத்திலோ சின்னத் தூண்கள் மேலோ ஓடும், இரண்டு மூன்று பெட்டி கொண்ட மின்சார ரயில். மெட்ரோவுக்குத் தம்பி, டிராமுக்கு அண்ணன். அதை ஓட்டும் செலவு பஸ்ஸைவிடக் குறைவா கூடுதலா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவர்கள் எந்த அலகால் வகுத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன். நகரத்துக்குள் ஓடும் டீசல் பஸ் லிட்டருக்குச் சுமார் நாலரை கிலோமீட்டர் கொடுக்கும். டீசல் லிட்டர் 92 ரூபாய் சொச்சம் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 20 ரூபாய் எரிபொருள். டயர், ஆயில், உதிரி பாகம் எல்லாம் இதேபோல் ஓடின தூரத்துக்கு ஏற்ப வரும் செலவுகள். சம்பளம் அப்படியில்லை, அது மணிக்கு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடி பஸ் நிற்கும்போதும் ஓட்டுநர், நடத்துநர் இரண்டு பேருக்கும் சம்பளம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் மிகப் பெரிய செலவு சம்பளமும் ஓய்வுகாலப் பலன்களும்தான். ஆக, பஸ் செலவின் பெரும்பகுதி கடிகாரத்தோடு ஓடுகிறது. அறிக்கைகளில் மட்டும் அது கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று எழுதப்படுகிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 கிலோமீட்டர் தடம், 10 நிமிடத்துக்கு ஒரு பஸ், இரண்டு முனையிலும் 10 நிமிட ஓய்வு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு சிங்கிள் 60 நிமிடம். போய் வந்து ஓய்வும் சேர்த்து 140 நிமிடம். அப்படியானால் தடத்தில் 14 பஸ் வேண்டும். வேகம் 10 கிலோமீட்டராகக் குறைந்தால் சிங்கிள் 90 நிமிடம், சுற்று 200 நிமிடம், 20 பஸ். வேகம் 20 ஆனால் சுற்று 110 நிமிடம், 11 பஸ் போதும். மூன்றிலும் ஓடுகிற கிலோமீட்டர் ஒன்றே, ஏறுகிற மக்களும் அதே மக்கள். 11 பஸ்ஸால் முடிகிற வேலைக்கு 20 பஸ் ஓட்டுகிறோம். கூடுதல் 9 பஸ்ஸுக்கு இரண்டு ஷிப்டில் 36 பேர். வார ஓய்வுக்கும் விடுப்புக்கும் மாற்று ஆள் தனி. இதைச் செய்தது பஸ்ஸும் இல்லை, தொழிலாளியும் இல்லை. சாலை செய்தது.

வடசென்னைச் சாலைகளைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் பக்கமும் மணலி பக்கமும் வரிசையாக நிற்கும். கொருக்குப்பேட்டையில் பயணிகள் ரயிலுக்கும் சரக்கு ரயிலுக்கும் மாறி மாறிக் கேட் விழும். மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையிலும் வியாசர்பாடி ஜீவா பக்கமும் தண்ணீர் தேங்கி, தடமே மாறிச் சுற்றிக்கொண்டு போகும். இந்த நிமிடங்கள் ஒவ்வொன்றும் நகரத்தின் கணக்கில் 'பஸ்ஸின் இயக்கச் செலவு' என்ற தலைப்பில்தான் ஏறுகின்றன. கன்டெய்னர் லாரி ஏற்படுத்திய செலவென்று எந்த லெட்ஜரிலும் ஒரு வரி கிடையாது. தென்சென்னைத் தடத்தையும் வடசென்னைத் தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிலோமீட்டர் வருமானத்தைப் பார்த்து, 'இந்தத் தடம் தேறாது' என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. டிப்போவில் இந்தக் கிலோமீட்டர் வருமானத்துக்கு இ.பி.கே.எம். என்று பெயர். அந்த எண் குறைவாக வந்த தடத்தில்தான் வண்டியைக் குறைப்பார்கள். வண்டி குறைந்தால் காத்திருக்கும் நேரம் கூடும், ஆள் ஷேர் ஆட்டோவுக்குப் போவார், எண் இன்னும் குறையும்.

இனி ரயில் பக்கம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் நீட்டிப்பு 2021 பிப்ரவரியில் திறந்தது. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை நிலையங்கள் பூமிக்கடியில். அதற்கு மேல் புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என்று தூண்மேல் போகிறது. நான்கு பெட்டி கொண்ட ஒரு மெட்ரோ ரயிலில் 1,276 பேர் போகலாம் என்பது கணக்கு. நின்றுகொண்டு போகிறவர்களையும் சேர்த்து ஒரு பஸ்ஸுக்கு 70 பேர் என்று வைத்தால் அது 18 பஸ். அந்த 18 பஸ்ஸில் ஓட்டுநரும் நடத்துநருமாக 36 பேர், ரயிலில் ஓட்டுநர் ஒருவர். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளுவதால், டயர் தாரில் உருளுவதைவிட இழுவை பல மடங்கு குறைவு. பிரேக் போடும்போது உண்டாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி கம்பிக்கே திரும்பிப் போகிறது. பெட்டி முப்பது ஆண்டு உழைக்கும், பஸ் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் ஓய்ந்துவிடும். இத்தோடு நிறுத்திவிட்டால் ரயிலை வெல்ல ஆளில்லை.

ஆனால் நிற்க முடியாது. நிலையத்தில் லிஃப்ட், எஸ்கலேட்டர், குளிர்சாதனம், தரையடியில் காற்றோட்ட விசிறி, தண்ணீர் இறைக்கும் பம்பு, பாதுகாப்புச் சோதனை, துப்புரவு, டிக்கெட் கேட், கட்டுப்பாட்டு அறை எல்லாம் விடிகாலை முதல் வண்டியிலிருந்து இரவு கடைசி வண்டி வரை ஓடியாக வேண்டும். தண்டவாளம், சிக்னல், மேல்கம்பி ஆகியவற்றின் பராமரிப்பு நள்ளிரவில் நடக்கும். பயணி வந்தாலும் வராவிட்டாலும் இதில் பெரிதாக எதுவும் குறையாது. மெட்ரோ செலவு கல்யாண மண்டப வாடகை மாதிரி: நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் வாடகை அதே வாடகைதான். பஸ் செலவு பந்தியில் போடுகிற இலைக் கணக்கு. கூட்டம் வருமென்று நிச்சயமாகத் தெரிந்தால் மண்டபம் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். தெரியாவிட்டால் இலையை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது.

லைட் ரயிலை விரும்புகிறவர்கள் இந்த வாடகையைத்தான் குறைக்கப் பார்க்கிறார்கள். நிலையம் என்று ஒன்று இல்லாமல் சாலையோரம் ஒரு மேடையும் கூரையும் மட்டும், லிஃப்ட் வேண்டாம், டிக்கெட் கேட் வேண்டாம், வண்டியிலேயே கார்டைத் தட்டிக்கொள்ளலாம். ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-ல் 'மெட்ரோலைட்' என்ற பெயரில் இதற்குத் தர விதிமுறைகள் வெளியிட்டது. மூன்று பெட்டி, சுமார் 300 பேர், தனிப் பாதை. அடுத்த ஆண்டு 'மெட்ரோநியோ' வந்தது. அது மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து டயரில் ஓடும் நீளமான வண்டி, அதாவது தண்டவாளம் இல்லாத டிராலிபஸ். நம் ஊரிலும் தாம்பரம்–வேளச்சேரிக்கு லைட் ரயில் பேச்சு அடிபட்டதுண்டு.

இந்த ஊருக்கு டிராம் புதிதும் இல்லை. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் 1895-ல் சென்னையில்தான் ஓடியது. துறைமுகப் பக்கத்தையும் நகரத்தின் உட்பகுதிகளையும் இணைத்தது. நிறுவனம் நொடித்துப்போய், 1953 ஏப்ரலில் கடைசி டிராம் நின்றது. கல்கத்தாவில் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து, 2024-ல் மைதானம்–எஸ்பிளனேடு பாரம்பரியத் தடம் ஒன்றைத் தவிர மற்றதை நிறுத்தப் போவதாக அந்த மாநில அரசு அறிவித்தது. கார், லாரி, ஆட்டோவோடு ஒரே சாலையில் கலந்து ஓடும் டிராமுக்குப் பஸ்ஸின் மெதுவும் வந்துவிடும், ரயிலின் பராமரிப்பும் வந்துவிடும். முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றால் பஸ் ஒதுங்கிப் போகலாம், டிராம் அங்கேயே நிற்க வேண்டியதுதான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தனிப் பாதை ஒதுக்காமல் தண்டவாளம் பதித்தால் என்ன ஆகும் என்று அந்தச் சாலையில் ஒரு நாள் போனவர்களுக்குத் தெரியும்.

தனிப் பாதையோடு ஓடினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. கால்கரி நகரம் 1981-ல் லைட் ரயிலைத் தொடங்கியது. நிலையங்களைச் சாலை மட்டத்தில் எளிமையாகக் கட்டினார்கள், டிக்கெட் கேட் வைக்கவில்லை, நகர மையத்தில் ஒரு தெருவையே ரயிலுக்கு விட்டார்கள். ஏறுகிறவர்கள் ஏராளம், அதனால் ஓர் ஆளுக்கான செலவு குறைந்தது. ஒட்டாவா வேறு வழியில் போனது. 1983-ல் பஸ்ஸுக்கென்று தனிச் சாலை போட்டு, அதை ஊர் முழுக்க நீட்டி, உலகமே வந்து பார்க்கும் அளவுக்கு நடத்தியது. நகர மையத்தில் இரண்டு தெருக்களில் உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 150-க்கும் மேற்பட்ட பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்ற பிறகுதான், 2019-ல் அந்தத் தண்டுவடத்தை ரயிலுக்கு மாற்றினார்கள். அந்த அளவுக் கூட்டத்துக்கு ரயிலே மலிவு. ஆனால் மாற்றிய கையோடு நிம்மதி வந்துவிடவில்லை. 2021-ல் இரண்டு முறை தடம்புரண்டு வாரக்கணக்கில் சேவை நின்றது, பஸ்ஸைத்தான் மறுபடி கூப்பிட்டார்கள்.

அடிஸ் அபாபாவின் கதை எனக்கு அதைவிட முக்கியம், ஏனென்றால் அது குறைந்த வருமானம் உள்ள மக்களின் ஊர். சீனக் கடனில் கட்டிய லைட் ரயில் 2015-ல் 41 வண்டிகளோடு தொடங்கியது. ஏழைகளும் ஏறக்கூடிய கட்டணம் வைத்தார்கள், அது சரிதான். ஆனால் உதிரி பாகத்துக்கு அந்நியச் செலாவணி வேண்டும், அது கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே வண்டிகளில் பெரும்பகுதி பணிமனையில் நின்றுவிட்டது. ரயிலின் பராமரிப்பை ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் கணக்கில் லாபம் மாதிரித் தெரியும். தேய்ந்த சக்கரமும் தேய்ந்த தண்டவாளமும் சேர்ந்து ஐந்தாவது ஆண்டில் மொத்தமாக வந்து கேட்கும்.

இந்த விஷயத்தில் வடசென்னைக்கு ஒரு பலம் இருக்கிறது, அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. சுதந்திரம் வந்த மறு ஆண்டில் பிறந்த நிறுவனமான அசோக் லேலண்டின் தொழிற்சாலை எண்ணூரில் இருக்கிறது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். 1955-லிருந்து ரயில் பெட்டி கட்டுகிறது. நம் மெட்ரோவின் முதல் சில ரயில்கள் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தன, மற்றவை பக்கத்தில் ஶ்ரீசிட்டியில் தயாரானவை. பஸ்ஸும் பெட்டியும் கட்டத் தெரிந்த கைகள் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. என் தாய்மாமா ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்தவர். "வண்டி கெட்டுப் போறது பெரிசில்லம்மா. கெட்டதை எடுத்துப் போட ஸ்டோர்ஸ்ல சாமான் இருக்கணும்" என்பார். சாமான் இருக்க வேண்டுமென்றால், ஆண்டுதோறும் அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். எந்த வண்டியாக இருந்தாலும் இயக்கச் செலவில் வெட்டவே கூடாத வரி அதுதான்.

அமெரிக்காவில் இந்த ஒப்பீட்டுக்கு அரசே ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நகரமும் பஸ்ஸுக்கும் லைட் ரயிலுக்கும் தனித்தனியே வண்டி-மணிக்கு இவ்வளவு, பயணிக்கு இவ்வளவு, பயணி-மைலுக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் செலவைக் கொடுக்க வேண்டும். அந்த வழக்கம் இங்கே வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் அந்த எண்களைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். லைட் ரயிலில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு வண்டியாக எண்ணப்படுகிறது. இரண்டு பெட்டி ரயில் ஒரு மணி ஓடினால் இரண்டு வண்டி-மணி. அதையும் பஸ்ஸின் ஒரு மணியையும் நேருக்கு நேர் வைத்தால் என்ன ஒப்பிடுகிறோம் என்பதே குழம்பிவிடும். ரயிலில் ஏறுகிறவர் நெடுந்தூரம் போவார். பஸ்ஸில் ஏறுகிறவர் தேரடியில் ஏறி டோல்கேட்டில் இறங்கிவிடுவார். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் பஸ் மலிவாகத் தெரியும், பயணி-கிலோமீட்டருக்கு வகுத்தால் ரயில் மலிவாகத் தெரியும். இரண்டும் உண்மைதான். தேரடியிலிருந்து டோல்கேட் போகும் அம்மாவுக்கு எது தேவையோ, அதற்கேற்ற வகுத்தலைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

கணக்கின் எல்லைக்கோடு இன்னொரு சிக்கல். பஸ் ஓடும் சாலையைப் போடுவது மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும். பஸ்ஸின் செலவில் அது வராது. ரயில் தன் பாதையைத் தானே பராமரிக்கிறது. அது முழுக்க ரயிலின் செலவில் ஏறும். இது ரயிலுக்குப் பாதகம். மறுபக்கம், மெட்ரோவின் இயக்கச் செலவு என்று சொல்லும்போது கட்டுமானத்துக்கு ஜப்பானிடம் வாங்கிய கடன் அதில் சேர்வதில்லை, அது வேறு பக்கத்தில் இருக்கும். மின்சார பஸ்ஸில் நடப்பது இதற்கு நேர்மாறு. 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. வண்டி தனியார் நிறுவனத்துடையது, ஓட்டுநர் அவர்களுடையவர், நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர். குளிர்சாதனம் இல்லாத பஸ்ஸுக்குக் கழகம் கிலோமீட்டருக்கு 77 ரூபாய் சொச்சம் கொடுக்கிறது. அந்த 77 ரூபாய்க்குள் பஸ்ஸை வாங்கிய விலையும் அடக்கம். ஆக 'மின்சார பஸ் கிலோமீட்டருக்கு இவ்வளவு, மெட்ரோ இவ்வளவு' என்று யாராவது இரண்டு எண்ணை அடுத்தடுத்து வைத்தால், ஒன்றில் வண்டி விலை இருக்கிறது, மற்றதில் இல்லை.

இந்த ஒப்பந்த முறையில் இன்னொன்றும் இருக்கிறது. பணம் கிலோமீட்டருக்குத்தான். நெரிசலில் வண்டி நின்றால் ஒப்பந்ததாரருக்குக் கிலோமீட்டர் ஏறாது, ஓட்டுநர் சம்பளம் மட்டும் ஏறும். டெண்டர் போடும்போதே அதை யோசித்துத்தான் விலையை எழுதியிருப்பார்கள். சாலையின் மெதுவுக்கான விலை அந்த 77 ரூபாய்க்குள் ஒளிந்திருக்கிறது. அடுத்த டெண்டருக்கு முன் அந்தத் தடங்களில் வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் கூட்டிக் காட்டினால் விலையைக் குறைத்துப் பேச இடமிருக்கும்.

சரி, வடசென்னைக்கு லைட் ரயில் வேண்டுமா? நான் தினமும் போகிற பக்கத்தையே எடுக்கிறேன், காலடிப்பேட்டையிலிருந்து மணலி வழியாக மாதவரம் பக்கம். கணக்குக்காகத் தடம் 10 கிலோமீட்டர் என்று கொள்வோம். உச்ச நேரத்தில் ஒரு திசையில் மணிக்கு 1,800 பேர் போவதாக வைத்தால், 70 பேருக்கு ஒரு பஸ் என்று மணிக்கு 26 பஸ் வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், இரு முனையிலும் 10 நிமிட ஓய்வோடு, சுற்று 100 நிமிடம். 44 பஸ், ஒரு நேரத்தில் 88 பேர் பணியில். 300 பேர் கொள்ளும் லைட் ரயில் 10 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் அதே 1,800 பேரையும் ஏற்றிவிடும். தனிப் பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் போனால் சுற்று 80 நிமிடம், 8 ரயில், 8 ஓட்டுநர். 80 பேரின் சம்பளம் மிச்சம். அந்தப் பணத்தில் தண்டவாளம், கம்பி, சிக்னல், பணிமனை எல்லாவற்றையும் பராமரித்துப் அதற்குப் பிறகும் பணம் மிஞ்சலாம்.

இப்போது 1,800-ஐ 600 ஆக்கிப் பாருங்கள். பஸ் மணிக்கு 9, தடத்தில் 15 பஸ், 30 பேர். ரயிலை அரைமணிக்கு ஒன்றாகக் குறைத்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், ஆகவே அதே 8 ரயில், மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரம்பி ஓடும். மிச்சமாவது 22 பேர் சம்பளம். பராமரிக்க வேண்டிய தண்டவாளமோ போக வர 20 கிலோமீட்டர், ஒரு மீட்டரும் குறையாது. இந்த இடத்தில் லைட் ரயில் தோற்றுவிடும்.

மூன்றாவதாக ஒன்று போட்டுப் பார்த்தேன். எனக்கு இதுதான் பிடித்த கணக்கு. ரயிலுக்குக் கொடுப்பதாகச் சொன்ன அதே தனிப் பாதையைப் பஸ்ஸுக்குக் கொடுத்தால்? பஸ்ஸும் மணிக்கு 20 போகும், சுற்று 80 நிமிடம். 1,800 பேருக்கு 44 பஸ் தேவைப்பட்டது 35 ஆகும். 600 பேருக்கு 15 தேவைப்பட்டது 12 ஆகும். ரயில் வேகமானது என்று நாம் ரயிலின் பெயரில் எழுதும் லாபத்தில் ஒரு பங்கு உண்மையில் பாதையின் லாபம். அதைத் தண்டவாளம் போடாமலே எடுத்துக்கொள்ளலாம். பாதையை ஒதுக்கும் மனம்தான் வேண்டும். டில்லியில் 2008-ல் ஒதுக்கிய பஸ் பாதையைக் கார்க்காரர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2016-ல் பிடுங்கிப் போட்டார்கள். அகமதாபாத்தில் 2009-ல் தொடங்கியது இன்றும் ஓடுகிறது. இரண்டு ஊரிலும் ஓடியது பஸ்தான்.

என் தெளிவு இதுதான்: இன்றைய நிலையில் வடசென்னைக்கு லைட் ரயில் வேண்டாம், வேகமான பஸ் வேண்டும். தெற்கு வடக்காக நமக்கு ஏற்கெனவே மெட்ரோ இருக்கிறது, கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் இருக்கிறது. மாதவரத்திலிருந்து மூலக்கடை, பெரம்பூர், அயனாவரம் வழியாக இரண்டாம் கட்ட மெட்ரோ வரப்போகிறது, அதில் ஓட்டுநர் இல்லாத மூன்று பெட்டி ரயில்கள். இல்லாதது கிழக்கு மேற்கு. திருவொற்றியூர், மணலி, மாத்தூர், கொடுங்கையூர், வியாசர்பாடி, பெரம்பூர் என்று குறுக்கே போகிறவர்களுக்கு வழி இல்லை. அங்கே கூட்டம் இருக்கிறது, ஆனால் ஒரே கோட்டில் இல்லை, சிதறிக் கிடக்கிறது. சிதறின கூட்டத்துக்குப் பஸ்தான் பொருந்தும்.

'மெட்ரோ வந்துவிட்டது, நெடுஞ்சாலையில் பஸ்ஸை எடுத்துக் குறுக்கே விடலாமே, செலவு கூடாது' என்று ஒரு நண்பர் சொன்னார். காகிதத்தில் சரி. ஆனால் 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய். காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வருகிறவரும், நாலு வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்புகிறவரும் அந்த வெள்ளை போர்டு பஸ்ஸை நம்பித்தான் வேலை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸை எடுத்தால் கழகத்தின் புத்தகத்திலிருந்து செலவு போய்விடும், அவர்களுடைய புத்தகத்தில் வந்து உட்காரும். எங்கள் தொழிற்சாலை வாசலில் காலை ஷிப்டுக்கு வரும் பெண்களிடம் கேட்டால், ஷேர் ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். அந்தத் தொகை எந்தப் போக்குவரத்து ஆய்விலும் இயக்கச் செலவு என்று வருவதில்லை.

அதனால் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு தடத்துக்கும் வண்டி எத்தனை மணி ஓடியது, எத்தனை மணி நின்றது என்பதைக் கிலோமீட்டரோடு சேர்த்து வெளியிட வேண்டும். பஸ்களில் ஜி.பி.எஸ். இருக்கிறது, நிறுத்தத்தில் வண்டி எப்போது வரும் என்று செயலி காட்டுகிறது, ஆகவே தரவு கையில் இருக்கிறது. அதை வைத்துக் கொருக்குப்பேட்டை கேட்டில் ஆண்டுக்கு எத்தனை பஸ்-மணி போகிறது, கன்டெய்னர் வரிசையில் எத்தனை போகிறது என்று, சென்னைப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் அரசு அமைப்பான கும்டா கணக்கெடுக்கட்டும். மேம்பாலத்துக்கும் லாரி நிறுத்துமிடத்துக்கும் பணம் கேட்கும்போது அந்த மணிகளின் சம்பளத்தையும் வரவுப் பக்கத்தில் எழுதட்டும். மணலிக்குக் காலை மாலை 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓர் ஆண்டு முழுக்கத் தவறாமல் விடட்டும். நிரம்பினால் 6 நிமிடம், அதுவும் நிரம்பினால் 4. இரண்டரை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்ற நிலை வந்து, அதிலும் படியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள் என்றால், அன்றைக்குத் தண்டவாளம் போடலாம். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.